ஓம் என்றால் எந்த ஓம்

போன கூட்டத்தில் இளம் மருத்துவர்களான உங்களில் ஒருவர் எழுந்து, "கஞ்சா மருந்து கேட்டு வருகிற நோயாளிகளிடம் என்ன சொல்வது?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நேரமெல்லாம் இருந்தது, தெம்புதான் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் குணம் என்கிற மனிதரைப் பற்றிப் பேச வேண்டி வரும். பேசினால் எனக்குத் தூக்கம் போகும். ஓய்வு பெற்றவனுக்குத் தூக்கம் போனால் என்ன, காலையில் யாரும் காத்திருக்கப் போவதில்லை. அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன். படிக்க வந்து, இங்கேயே தங்கி, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பொது மருத்துவராகக் காலத்தைக் கழித்தவன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்துக்காரர்கள். கடை வைத்திருப்பவர்கள், ஓட்டல் சமையலறையில் நிற்பவர்கள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள். "தமிழ் டொக்டர் இருக்கிறார், கதைக்கலாம்" என்று கார்ஜ், பியர்ஃபித் போன்ற புறநகர்களிலிருந்து ரயிலேறி வருவார்கள். அவர்கள் தமிழும் என் தமிழும் ஒன்றுதான் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். பெரும்பாலும் அது ஒன்றாகத்தான் இருந்தது. ஒன்றாக இல்லாத இடங்களில்தான் அடி வாங்கினேன்.

குணத்திடம் வருவதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. அரசு இந்த மருந்துக்குக் கதவே திறக்காத காலம். இங்கே பிறந்து வளர்ந்த ஒரு வாலிபன் தாயோடு வந்தான். கை கால் தசைகள் இறுகிக்கொள்ளும் நரம்பு நோய். தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. கஞ்சா புகைத்தால் இறுக்கம் விடுகிறது, அமெரிக்காவில் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம், அப்படி ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டான்.

"என்ன கேக்கிறான் டொக்டர்?" என்றார் தாய்.

"ஒரு சர்டிபிகேட் கேக்குறாரும்மா."

"குடுங்கோவன். வேலை இடத்துக்கோ?"

நான் கொடுக்கவில்லை. இன்னொருவர் கொடுத்தார். நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டாலின்கிராட் மெத்ரோ வாசலில் போலீஸ் பிடித்தபோது அந்த வாலிபன் பெருமையோடு கடிதத்தை எடுத்து நீட்டினான். அவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். அவனுக்கு வழக்கு, எழுதிக் கொடுத்தவருக்கு மருத்துவர்கள் சபையிலிருந்து விசாரணைக்கு அழைப்பு. நம் கையெழுத்துக்கு அரசு எவ்வளவு பலம் கொடுத்திருக்கிறதோ அவ்வளவுதான் பலம். நோயாளிக்கு அது தெரியாது. நாம் கையெழுத்துப் போட்டால் கடவுளே போட்டதாக நினைத்து நடுத்தெருவில் போய் நிற்பார். இல்லை என்று சொல்வது நமக்குக் கஷ்டமாக இருக்கும்போதெல்லாம் அந்த வாலிபனை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, 2021இல், அரசு கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. பரிசோதனைத் திட்டம் என்று பெயர். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத வலி, வலிப்பு என்று சில நோய்களுக்கு மட்டும். முதல் சீட்டை, இதற்கென்று பயிற்சி பெற்றுப் பெயர் பதிந்த ஆஸ்பத்திரி மருத்துவர்தான் எழுத வேண்டும். நோயாளி ஒரு நிலைக்கு வந்த பிறகு, என்னைப் போன்ற தெருக்கோடி மருத்துவர் தொடர்ந்து எழுதலாம், அவரும் பயிற்சி பெற்றிருந்தால். மருந்து கொடுக்கிற கடைக்காரருக்கும் பயிற்சி வேண்டும். நோயாளிக்கு என்னென்ன சொன்னோம், அவர் ஒப்புக்கொண்டாரா என்று ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். ஒரு சின்னப் புட்டி எண்ணெய்க்கு இத்தனை காவல். நான் கணினி முன்னால் உட்கார்ந்து, கேள்விகளுக்கு விடையைத் தட்டிப் பயிற்சியை முடித்தேன். உற்சாகத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். குணத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்தேன்.

குணம் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். கிளிநொச்சிக்காரர். 2009இல் போர் முடிகிற நேரத்தில் இடுப்பில் ஷெல் துண்டுகள் பாய்ந்து, சில துண்டுகள் இன்னும் உள்ளேயே இருந்தன. நரம்பு கெட்டு, இடது கால் முழுக்க எரிவு. இங்கே வந்து, அகதி என்று இங்கே தங்குவதற்கான கார்ட் கிடைத்து, கார்ஜில் மனைவியோடு இருந்தார். ஒரு ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவினார். நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. என் அறையில் நாற்காலியைக் காட்டினால், "இல்லை டொக்டர், நான் இப்பிடியே நிக்கிறன்" என்று சுவரில் சாய்ந்துகொள்வார். எழுதக்கூடிய மாத்திரையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "பரவாயில்லை டொக்டர்." குறைகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. நான் மனம் நோகக் கூடாது என்று பொருள்.

ஆஸ்பத்திரியின் வலிப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் இந்தத் திட்டத்தில் இருந்தார். பிரெஞ்சுக்காரர், நாற்பது வயது இருக்கும். குணம் அவரை டொக்டரம்மா என்பார், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். மிகவும் நேர்மையானவர். அந்த ஆஸ்பத்திரியில் இந்த மருந்தை எழுதுவதற்கு அவர் ஒருவர்தான் பெயர் பதிந்திருந்தார். குணத்தை அவரிடம் அனுப்பினேன்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. என்ன நடந்தது என்று பின்னால் இருவருமே சொன்னார்கள். மொழிபெயர்ப்புக்குத் தொலைபேசியில் ஒரு பெண். தமிழ்நாட்டுக்காரர், நல்ல பிரெஞ்சு. ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்திருந்தார்கள். டொக்டரம்மா விதிப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். தலை சுற்றலாம். மருந்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பூட்டி வைக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வாகனம் ஓட்டக் கூடாது, போலீஸ் சோதனையில் சீட்டு உதவாது. தொலைபேசிப் பெண் ஒவ்வொன்றையும் சொல்லி, "புரியுதுங்களா?" என்று கேட்டார். குணம் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு ஓமுக்கும் "வுய்", பிரெஞ்சில் ஆம், என்றார். டொக்டரம்மா ஒவ்வொரு வுய்க்கும் ஒரு கட்டத்தில் குறி போட்டார். கடைசியில், எல்லாம் விளங்கியதா என்றும் கேட்டார். அதற்கும் ஓம்.

இதில் யாரிடம் குறை கண்டுபிடிப்பீர்கள்? என்னால் முடியவில்லை.

மருந்து வேலை செய்தது. மூன்றாவது மாதம் குணம் என்னிடம் வந்து, நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"நேற்று ரயிலிலை இருந்தபடி நித்திரையாப் போனன் டொக்டர்," என்றார். "கார்ஜ் தாண்டி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டன். அங்கை ஒரு வெள்ளைக்காரன் தட்டி எழுப்பினவன். எனக்குச் சிரிப்பு. எத்தினை வருசத்துக்குப் பிறகு இருந்துகொண்டு நித்திரை கொண்டிருக்கிறன்."

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. பிறகு அவருடைய மருந்துச் சீட்டு என் பொறுப்புக்கு வந்தது. வேலை எப்படி என்று கேட்டேன். பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு மச்சானுடைய கடைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார், இங்கே, லா சப்பலில். காய்கறிக் கடை. நல்லதாயிற்று என்றேன்.

கடையில் அவர் செய்த வேலை வான் ஓட்டுவது. விடிவதற்கு முன்னால் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வருவது. முன்பெல்லாம் அவரால் ஓட்டுநர் இருக்கையில் கால் மணி நேரம்கூட உட்கார முடியாது. மருந்து உட்கார வைத்தது. உட்கார முடிந்தது, ஓட்டினார். அவர் ஓட்டவே ஓட்டாத காலத்தில் சொன்ன ஓட்டக் கூடாது என்ற வார்த்தை அவர் காதில் எங்கே தங்கப் போகிறது? நாம் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிறோம். நோயாளியின் வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கிறது, அதுவும் நம் மருந்தாலேயே.

ஒரு காலையில் ஸ்டாலின்கிராட் பக்கம் சைக்கிளில் வந்த ஒரு பெண்மணி வான் மீது மோதி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் எதிர்த்திசையில் வந்தவர் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் போலீஸ் எச்சில் எடுத்துப் பார்த்தது. கஞ்சா. இந்த நாட்டுச் சட்டத்தில் எச்சிலில் இருந்தால் இருந்ததுதான், டாக்டர் கொடுத்தாரா தெருவில் வாங்கினாயா என்ற பேச்செல்லாம் இல்லை. குணம் சட்டைப் பையிலிருந்து என் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"இது மருந்து எண்டு சொன்னன். அவன் அதை வாங்கிப் படம் எடுத்தவன். எனக்கு உதவி செய்யிறான் எண்டு நினைச்சன் டொக்டர்."

அன்று மாலை அவர் என் அறையில் மறுபடியும் சுவரில் சாய்ந்து நின்றார். வலி இல்லை, பழக்கம். நான்தான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இந்த மருந்தைக் குடிக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, எச்சிலைப் பார்த்தால் பல நாள் கழித்தும் காட்டிக் கொடுக்கும், சீட்டு இருந்தாலும் சட்டம் காதில் வாங்காது என்று சொன்னேன். தாளில் ஒரு ஸ்டியரிங் வரைந்து, அதன் மேல் குறுக்குக் கோடு போட்டுக் காட்டினேன்.

"இதை ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்லையே," என்றார்.

"ஆஸ்பத்திரியில சொன்னாங்களே குணம். நீங்க ஓம்னு சொல்லியிருக்கீங்களே."

"ஓம், சொன்னனான். அந்தப் பிள்ளை போனிலை கதைச்சுக்கொண்டே போகுது. பெரியாக்கள் கதைக்கேக்கை ஓம் ஓம் எண்டு கேக்கிறதுதானே டொக்டர். பேசாமல் இருந்தா மரியாதை இல்லையெல்லே."

இங்கே நின்று யோசியுங்கள். உங்களில் பலருடைய அப்பா அம்மா வீட்டில் இந்த ஓமைச் சொல்கிறவர்கள்தான். தொலைபேசியில் அத்தை பேசும்போது அம்மா ஓம், ஓம், ஓம் என்பாரே, அத்தை சொல்வதற்கெல்லாம் சம்மதம் என்றா பொருள்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று பொருள். பாண்டிச்சேரியில் நாங்கள் அதற்கு "ம்" கொட்டுவோம். தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு ம் என்று கேட்டிருந்தால் அவர் வுய் என்று சொல்லியிருக்க மாட்டார். ஓம் என்று கேட்டது. ஈழத்தமிழில் ஓம் என்றால் ஆம் என்று எங்கோ படித்திருப்பார். சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அந்த நேரம் குணத்தின் கார்ட் புதுப்பிக்க வேண்டிய நேரம். போதைப்பொருளோடு வாகனம் ஓட்டினார் என்று தீர்ப்பு வந்தால் கார்ட் என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, தெரியாததே பயமாக இருந்தது. அவருடைய வக்கீல் ஒரு வழி சொன்னார். நோயாளிக்கு மருத்துவர் சரியாக எச்சரிக்கவில்லை என்று நிறுவினால் குற்றம் இறங்கிவிடும். அதற்கு முதல் படி, டொக்டரம்மா மேல் மருத்துவர்கள் சபையில் புகார். புகார் போய்ச் சேர்ந்த பிறகுதான் குணம் எனக்குச் சொன்னார்.

"டொக்டரம்மா மேல ஏன் புகார் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கை குடுத்தனான்? அப்புக்காத்து நீளமாக் கதைச்சவர். நான் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். பிறகு கையெழுத்து வைக்கச் சொன்னவர்."

அப்புக்காத்து என்றால் அவர்கள் தமிழில் வக்கீல். தலையில் கை வைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

டொக்டரம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தனக்காகப் பேசச் சொல்லிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "திட்டத்தை நடத்துகிற நிர்வாகம் இந்தப் புகாரின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. சபை என்னைத் தவறு என்று சொன்னால் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். என் நோயாளிகளை எங்கே அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு வேறு ஆஸ்பத்திரியில் யாரையாவது தெரியுமா?" என்றார். எனக்கு யாரையும் தெரியவில்லை. பிறகு, "நான் அவருக்குச் சொன்னேன், டாக்டர். நிச்சயமாகச் சொன்னேன். ஆனால் இரவில் படுத்தால், அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நினைவுக்கு வரவில்லை," என்றார்.

சபையில் முதலில் இரு பக்கத்தையும் உட்கார வைத்து சமாதானம் பேசுவார்கள். அதற்கு என்னையும் வரச் சொன்னார்கள். குணத்தின் மருத்துவர் என்ற முறையிலும், மொழி தெரிந்தவன் என்ற முறையிலும். இரண்டு நாற்காலியில் ஒருவன் உட்காரக் கூடாது, மறுத்திருக்க வேண்டும். மறுத்திருந்தால் மறுபடி மேசை மேல் ஒரு தொலைபேசியை வைத்திருப்பார்கள். போனேன்.

சின்ன அறை. தலைமை தாங்கியவர் என்னைவிட வயதான ஒரு மருத்துவர். ஓரத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர், குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். டொக்டரம்மா கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். குணம் யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய கோட் போட்டிருந்தார், தோள் பெரிதாக இருந்தது.

வக்கீல் முதலில் "வண்டி" என்ற சொல்லைப் பிடித்தார். யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசிப் பெண் "வண்டி ஓட்டக் கூடாது" என்று சொன்னாராம், யாழ்ப்பாணத்தில் வண்டி என்றால் தொந்தி என்று பொருளாம். தலைவர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொருளும் உண்டு," என்றேன். "ஆனால் தமிழ் சினிமா பார்க்கிற எவருக்கும் வண்டி என்றால் வாகனம் என்றும் தெரியும். தொந்தியை ஓட்டக் கூடாது என்று ஒரு டாக்டர் சொன்னார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்."

அறையில் லேசாகச் சிரிப்பு. வக்கீல் சிரிக்கவில்லை. "அப்படியானால் ஓம் என்றால் என்ன?" என்று கேட்டார்.

இதற்காகத்தான் எல்லோரும் வந்திருந்தோம். வுய் என்று நான் சொன்னால் டொக்டரம்மா தப்பித்தார், குணம் தெரிந்தே ஓட்டியவர் ஆகிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் குணத்துக்கு வழி பிறக்கிறது, டொக்டரம்மாவின் பெயர் போகிறது, அவரோடு அத்தனை பேருடைய மருந்தும் போகிறது. பிரெஞ்சில் நான் தடுமாறுவதில்லை, அன்று தடுமாறினேன்.

"ஓம் என்றால் ஆம்," என்றேன். "கேட்கிறேன், மேலே சொல்லுங்கள் என்றும் பொருள். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை என்றும் பொருள்."

"அன்றைக்கு எந்தப் பொருளில் சொன்னார்?" என்று தலைவர் கேட்டார்.

"நான் அங்கே இல்லை. அவரையே கேளுங்கள். ஆனால் ஓம் என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்காதீர்கள்."

தலைவர் குணத்தின் பக்கம் திரும்பி, வாகனம் ஓட்டுவதைப் பற்றி டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார், உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். குணம் விளங்கவில்லை என்று சொன்னால் போதும், அல்லது பேசாமல் இருந்தால்கூடப் போதும். வக்கீல் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

குணம் டொக்டரம்மாவைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை.

"இந்த மருந்து குடிக்கும்வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது எண்டு சொன்னவ," என்றார் குணம் நிதானமாக. "எச்சில் எடுத்துப் பார்த்தா எத்தினை நாள் போனாலும் காட்டிக் குடுக்கும் எண்டு சொன்னவ. கையிலை சீட்டு இருந்தாலும் சட்டம் காதிலை வாங்காது எண்டும் சொன்னவ. எல்லாம் வடிவா விளங்கினது. நான்தான் கேக்காமல் வான் ஓடினனான்."

ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. விபத்து நடந்த மாலை, சுவரில் சாய்ந்து நின்றவருக்கு நான் சொன்னவை. ஸ்டியரிங், காட்டிக் கொடுப்பது, காதில் வாங்காத சட்டம் எல்லாம் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். அதை அவர் பத்திரமாகக் கொண்டுவந்து, டொக்டரம்மாவின் வாயில் வைத்துவிட்டார்.

அந்த அறையில் அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் மொழிபெயர்க்க வேண்டும், எல்லோரும் காத்திருக்கிறார்கள். என் மேசைக்கு முன்னால் ஒரு நோயாளி என்னிடம் சொன்னதை வேறொரு மேசையில் நான் எடுத்து வைக்க முடியாது, அது நம் தொழிலின் முதல் பூட்டு. அவர் சொல்லாததை நான் சொல்லவும் முடியாது. அவர் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், பிரெஞ்சில் சொன்னேன். உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் செய்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

வக்கீல் பேனாவை மூடினார். புகார் அங்கேயே முடிந்தது.

வெளியே வந்து நானும் குணமும் மெத்ரோ வரை நடந்தோம். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"ஏன் குணம்?" என்றேன்.

"அவவை எடுத்துப்போட்டா என்னை மாதிரி இருக்கிற சனம் எங்கை போறது டொக்டர்? அதுகளின்ரை காலும் எரியுந்தானே." கொஞ்சம் நடந்துவிட்டு, "எனக்கும் வேணுமெல்லே. நான் என்ன சாமியே?" என்றார்.

"அந்த அம்மாட்ட உண்மையச் சொல்லலாமா?"

"சொல்லிப்போடாதையுங்கோ. அவ வேலையை விட்டிடுவா. வேறை ஆருக்கும் தேவையெண்டாச் சொல்லுங்கோ, என்ரை பேரை மாத்திப்போட்டு."

மாற்றியிருக்கிறேன். ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

நீதிமன்றத்தில் அவருக்கு லைசன்ஸ் போயிற்று. கார்ட் பல மாதம் இழுத்தடித்து, ஒவ்வொரு தடவையும் தற்காலிகத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பி, ஒருவழியாக வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் அவர் மனைவியின் தலைமுடி பாதி நரைத்ததை நான் பார்த்தேன். வான் மச்சானுடைய மகனிடம் போயிற்று. குணம் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் போடுகிறார். அரசு திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தியபோது, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து தொடர்ந்தது. அவர் உள்ளே இருந்தார். உட்கார்ந்து வேலை செய்கிறார், உட்கார்ந்து தூங்குகிறார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன்.

கூட்டம் முடிந்து சில வாரம் கழித்து, சேர்க்கை நிற்பதற்கு முன்னால், டொக்டரம்மா மறுபடி அழைத்தார். குரலில் பழைய தெளிவு திரும்பியிருந்தது. முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, கையில் அதே நரம்பு எரிவு, நாளைக்கு முதல் சந்திப்பு என்றார். நான் வந்து பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை, தொலைபேசி மொழிபெயர்ப்பு இருக்கிறது என்றார். ஒவ்வொன்றையும் அந்தப் பெண்மணி வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள், அது ஒன்றை மட்டும் செய்யுங்கள் என்றேன். அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார்.

"கவலைப்படாதீர்கள், டாக்டர். எனக்கே சந்தேகம் இருந்தது, அன்று குணம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னதைக் கேட்டதும் போய்விட்டது. உங்கள் ஆட்கள் கவனமாகக் கேட்கிறவர்கள். நான் சொல்கிற முறை சரியாகத்தான் இருந்திருக்கிறது, இல்லையா?"

நான் வுய், வுய் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.